ஒகேனக்கல் வரை போய் அறையில் பழைய படம் பார்த்தது தப்பா?

கேள்வி:

எனக்கு 47 வயது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் குவாலிட்டி லேபில் வேலை பார்க்கிறேன். மே மாதம் சீசன் ஆரம்பித்தால் ஜூலை முடியும்வரை ஞாயிறு, விசேஷம் எதுவும் கிடையாது. பிரிக்ஸ், அதாவது கூழின் இனிப்பு அளவு, 14-க்குக் கீழே இறங்கிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரும். இந்த வருடம் சீசன் முடிந்ததும் வீட்டில் சொல்லிவிட்டு, நான் மட்டும் நாலு நாள் ஒகேனக்கல் போய் லாட்ஜில் தங்கினேன். கல்யாணமாகி 23 வருடத்தில் தனியாக ஓரிடத்தில் தங்கியது இதுதான் முதல் தடவை. ஆற்றில் தண்ணீர் அதிகமாக வந்ததால் பரிசலும் ஓடவில்லை, குளிக்கவும் விடவில்லை. முதல் நாள் தொங்குபாலத்தில் நின்று அருவியைப் பார்த்தேன், அப்போதும் அந்த வாரம் அனுப்ப வேண்டிய கண்டெய்னர் ஞாபகம்தான். அறைக்கு வந்து டிவியைப் போட்டேன், ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது, படுத்துக்கொண்டே பார்த்தேன். அப்புறம் நாலு நாளும் அதேதான். மத்தியானம் மட்டும் வெளியே போய், மீன் வாங்கி, அங்கே சமைத்துத் தரும் அம்மாவிடம் கொடுத்துச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். சின்ன வயதில் அப்பாவோடு காவேரிப்பட்டணம் பக்கம் டென்ட் கொட்டகையில் பார்த்த ஒரு படமும் வந்தது. “இது நம்ம ஜில்லாப் படம்” என்பார் அப்பா. அவர் தொடையைத் தட்டிச் சிரிக்கும் காமெடி வந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெகுநேரம் நிற்கவில்லை. அப்பா ஆறு வருடம் முன்னால் ஒரு ஜூன் மாதம் தவறினார். காரியம் முடிந்த மறுநாளே நான் ஃபேக்டரிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் நாத்தனார், “ஏன் அண்ணி, டிவி பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க? அது நம்ம வீட்டு ஹால்லயே இருக்குதே?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் “அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்தே போயிடலாம்” என்றார். லீவையும் பணத்தையும் வீணாக்கிவிட்டேனா? இது மனச்சோர்வு நோயா? இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து இதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். தம்பி ஓசூரில் இருக்கிறான், அவனிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் எதையும் வீணாக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கிற ஒருவரைப் பதிலின் கடைசிவரை காக்கவைப்பது நியாயமில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது, ஊர் திரும்பிய பிறகு உங்களையே நிறுத்தி வைத்து நீங்கள் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த நாட்கள்தான். அந்த நாலு நாளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. உங்கள் மனதுக்கு அப்போது எது தேவைப்பட்டதோ அதை யாரும் சொல்லித்தராமலே அது தேடி எடுத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பக்கத்தில் கூழ் ஃபேக்டரி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் லேபில் இருப்பவர்களின் பாடு வெளியே தெரிவதில்லை. லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும், ஒரே சீராகப் பழுத்ததா, அழுகல் கலந்துவிட்டதா, பிரிக்ஸ் என்ன, புளிப்பு என்ன, ஸ்டெரிலைசரில் சூடு நிற்கிறதா, பையில் நிரப்பி டிரம்மில் வைத்த சரக்கு பிறகு உப்பாமல் இருக்குமா என்று மூன்று மாதம் இரவு பகலாக நீங்கள் செய்வது ஒரே வேலைதான்: தப்பு நடப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடிப்பது. ஜூலை கடைசியில் மெஷினை நிறுத்தி, கழுவி, பூட்டிவிட்டு வரலாம். காவல் காத்தே பழகிப்போன மனதை அப்படி நிறுத்த முடியாது. சும்மா இரு என்று அதட்டினால் இன்னும் கொஞ்சம் உஷாராகும், அவ்வளவுதான்.

தொங்குபாலத்தில் நடந்ததும் இதுதான். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்துவிட்ட தண்ணீர் பாறையெல்லாம் மூடிக்கொண்டு வரும்போது காவிரியைப் பார்ப்பது பெரிய காட்சி, சந்தேகமில்லை. ஆனால் அருவி உங்கள் கவனத்தைப் பிடித்து உட்காரவைக்காது, கண் அங்கே இருக்கும்போதே மனது நழுவிக் கண்டெய்னருக்குப் போய்விடும். அதற்காக உங்களுக்கு ரசனை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியிருந்தது, கவனத்தைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், அதே சமயம் காவல் காக்கச் சொல்லவும் கூடாது என்கிற மாதிரி ஒன்று. அப்படி அமைவது கொஞ்சம்தான். ஏற்கெனவே கதை தெரிந்த பழைய படம் அதில் ஒன்று.

புதுப் படமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. புதுப் படத்தில் யார் சாவார், யார் துரோகம் செய்வார் என்று நீங்கள் மறுபடியும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய படத்தில் வில்லன் யாரென்று முதல் காட்சியிலேயே தெரியும், கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்து நிற்பான் என்பதும், பிரிந்த குடும்பம் கடைசியில் சேர்ந்து, ‘வணக்கம்’ என்று திரையில் எழுத்து வரும் என்பதும் தெரியும். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய தப்பு அங்கே எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக உங்களுக்குள் இருந்த காவல்காரி கீழே உட்கார்ந்தாள்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஜே டெரிக் என்கிற அமெரிக்க உளவியலாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மனதை இறுக்கிக் கட்டுப்படுத்தி வேலை செய்து களைத்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான, ஏற்கெனவே பார்த்த நிகழ்ச்சிகளைத் தேடிப் போகிறார்கள் என்பதும், அந்தப் பழகிய கதை உலகத்துக்குள் போய்வந்த பிறகு அவர்களுடைய மனக்கட்டுப்பாடு மீள்கிறது என்பதும் தெரியவந்தது. டிவியில் எதையாவது பார்த்தால் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை, பழகிய கதையில்தான் அந்தப் பலன் கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் போனில் படம் தேடவில்லை. போனில் என்றால் எந்தப் படம், எந்த ஆப், பிடிக்கவில்லையென்றால் அடுத்தது எது என்று அங்கேயும் ஒரு முடிவெடுக்கும் வேலை வந்து உட்காரும். முரசு, சன் லைஃப் மாதிரி சேனலில் படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். நாள் முழுக்க “இந்த பேட்ச் ஓகே, இந்த பேட்ச் வேண்டாம்” என்று முடிவு சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு, எதையும் முடிவு செய்ய வேண்டாத இரண்டரை மணி நேரம் சாதாரண விஷயம் இல்லை.

சரி, நாத்தனாரின் கேள்விக்கு வருகிறேன். வீட்டு ஹாலிலும் டிவி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பெயர் போடுவதிலிருந்து கடைசிவரை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் இங்கே ஆலோசனைக்கு வரும் பெண்கள் சொல்வதை வைத்துச் சொல்கிறேன். சாயங்காலம் மாமியாருக்கு சீரியல், அப்புறம் கணவருக்கு நியூஸ், பிள்ளைக்கு மேட்ச், நடுவில் குக்கர் விசில், கேஸ்காரர், யாராவது வந்தால் காபி. ரிமோட் கைக்கு வந்தாலும் காது சமையலறையில்தான் இருக்கும். ஒகேனக்கல் லாட்ஜில் இருந்ததும் அதே மாதிரி டிவிதான், ஆனால் அங்கே உங்களை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

வேலைக்களைப்பிலிருந்து மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஆராய்ந்த சபீனே ஸோனன்டாக், ஷார்லோட்டே ஃபிரிட்ஸ் இருவரும் 2007-ல் நாலு விஷயங்களைச் சொன்னார்கள். வேலையை மனதளவில் விட்டு விலகுவது, உடம்பும் மனதும் தளர்வது, புதிதாக ஏதாவது கற்றுத் தேறுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது. இதில் கற்றுத் தேறுவதைத் தவிர மற்ற மூன்றும் உங்களுக்கு அந்த அறையில் கிடைத்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னது, அதாவது எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எதைப் பார்ப்பது என்பதை நாமே தீர்மானிப்பது, அதுதான் நம் வீட்டுப் பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காமல் போவது. நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அந்த மீன் சாப்பாடு எனக்குப் பெரிதாகப் பட்டது. வேறொருவர் சமைத்து, வேறொருவர் இலையில் போட, நீங்கள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இப்போது குற்ற உணர்ச்சி. இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பெற்ற ஓய்வை இப்போது தின்றுகொண்டிருப்பது இதுதான். 2014-ல் லேயோனார்ட் ரைனெக்கே, டிலோ ஹார்ட்மன், ஆலிசன் ஈடன் மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலை முடிந்து வந்து டிவி பார்ப்பவர்கள், கேம் விளையாடுபவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், யார் அதிகமாகக் களைத்திருந்தார்களோ அவர்கள்தான் “செய்ய வேண்டியதை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே” என்று தங்களைத் தாங்களே அதிகமாகக் குறை சொல்லிக்கொண்டார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி வந்த அளவுக்கு டிவியால் கிடைக்க வேண்டிய ஓய்வும் குறைந்தது. அதாவது யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்குத்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள்தான்.

நம் பக்கத்தில் ஓய்வு என்றால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். கோயிலுக்குப் போனால் பிரசாதம், தீர்த்தமலை ஏறினால் ஏறினேன் என்ற பேச்சு, ஒகேனக்கல் என்றால் பரிசலில் உட்கார்ந்த போட்டோ. காட்ட ஒன்றும் இல்லாத நாலு நாளைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் திகைப்பாக இருக்கும், நமக்கே திருடியது போலக் கூசும். ஆண்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. நீங்கள் சம்பாதித்த பணத்தில், உங்களுக்குச் சேர வேண்டிய லீவில், வீட்டில் சொல்லிவிட்டுப் போய், யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லாமல் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இதற்கு யாருக்கும் கணக்குக் கொடுக்கத் தேவையில்லை, உங்களுக்கும்தான். நாத்தனார் மேல் கோபப்படவும் வேண்டாம், அவர் கேலியாகத்தான் சொல்லியிருப்பார். அடுத்த தடவை சொன்னால், “ஆமா, டிவி பாக்கத்தான் போனேன், நல்லா இருந்துச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ‘இல்லை, அருவியும் பார்த்தேன், பாலத்துக்கும் போனேன்’ என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் நீங்களே உங்களைக் குற்றவாளி ஆக்கிக்கொள்கிறீர்கள்.

அழுகைக்கு வருகிறேன். இதைத்தான் நோயோ என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 1688-ல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டுப் போனவர்களுக்கு வரும் பழைய நினைவின் ஏக்கத்தை ஒரு நோய் என்றே எழுதிவைத்தார், வெகுகாலம் மருத்துவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். இப்போதைய ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷூட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையாக உணரும்போதும்தான் பழைய நினைவு தானாக எழுந்து வருகிறது, வந்தபின் நமக்கும் வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வை அது பலப்படுத்துகிறது என்று காட்டினார்கள். இனிப்பும் வலியும் கலந்துதான் வரும். ஆனால் மொத்தத்தில் அது ஆளைத் தாங்கிப் பிடிக்கிற வேலையைச் செய்கிறது.

உங்கள் விஷயத்தில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அப்பா தவறியது ஜூனில், சீசன் நடுவில். காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் லேபில் நின்றிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஜூனும் சீசன்தான், அவருடைய திதியும் அந்த ஓட்டத்தில்தான் வந்துபோயிருக்கும். ஆறு வருடமாக உட்கார்ந்து அழ உங்களுக்கு இடமும் நேரமும் கிடைக்கவில்லை. கதவைச் சாத்தினால் யாரும் தட்டாத ஓர் அறை முதல் தடவையாகக் கிடைத்தது, அப்பா சிரிக்கிற இடமும் திரையில் வந்தது. டென்ட் கொட்டகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவது, ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் இடைவேளை விடுவது, அந்த இடைவேளையில் முறுக்கு. அதில் அப்பா பக்கத்தில் இருந்தார், லாட்ஜில் அந்த இடம் காலியாக இருந்தது. காமெடிக் காட்சியில் அழுகை வந்ததில் அதிசயமே இல்லை, சோகக் காட்சியில் அவர் சிரிக்கவில்லையே.

அப்பா ‘நம்ம ஜில்லாப் படம்’ என்று ஏன் சொன்னார் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது. தருமபுரி 1965 அக்டோபர் 2-ல்தான் தனி மாவட்டமானது, கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-ல். 1965-க்கு முன்னால் நாமெல்லாம் சேலம் ஜில்லா. சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். சென்னைக்குப் போகாமலே நம் பக்கத்தில் எடுத்த படம் என்ற பெருமை அந்தத் தலைமுறைக்கு நிறைய உண்டு. உங்கள் அப்பா உங்களுக்கு அந்தப் பெருமையோடு சேர்த்துத்தான் படம் காட்டியிருக்கிறார்.

ஓசூரில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். நோய், கவலை என்று ஆரம்பிக்க வேண்டாம், “அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பாரே, அந்தப் படம் பார்த்தேன்டா” என்று ஆரம்பியுங்கள், மீதியை அவர் சொல்வார். அவருக்கு ஞாபகம் இருப்பது உங்களுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கலாம். முடிந்தால் அடுத்த திதிக்கு ஒரு நாளாவது லீவு போடுங்கள், ஜூன் என்றாலும் சரி. இதை மட்டும் நான் கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன்.

மனச்சோர்வு நோயா என்று கேட்டீர்கள், அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும். டாக்டர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா? மனம் தாழ்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருக்கிறதா? இதோடு தூக்கம், பசி, களைப்பு, தன்னைத்தானே வெறுப்பது, கவனம் நிற்காமை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் இவற்றையும் பார்ப்பார்கள். நோய் இருப்பவரின் அறையிலும் டிவி ஓடும், ஆனால் பல சமயம் என்ன படம் ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சாப்பாடு மண் மாதிரி இருக்கும், காமெடிக்குச் சிரிப்பும் வராது அழுகையும் வராது. நீங்கள் அப்பாவோடு பார்த்த படத்தையும் அந்தக் காட்சியையும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், மீனைச் சூடாகச் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு காட்சி உங்களைத் தொட்டு அழவைத்திருக்கிறது. அந்த நாலு நாள் எனக்கு நோயாகத் தெரியவில்லை.

மூன்று மணி விழிப்பு வேறு விஷயம், அதை விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் ராத்திரி போனுக்குப் பழகிய உடம்பு இன்னும் அந்த நேரத்தில் எழுந்துகொண்டிருக்கலாம். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலமும் தூக்கத்தைக் கலைக்கும், உடம்பு திடீரென்று சூடாகி வியர்க்கிறதா என்று கவனியுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், நம் பக்கத்துப் பெண்களிடம் ரத்தசோகை சகஜம், அந்தக் களைப்பை மனக்களைப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். விழிப்பு வந்தால் படுக்கையில் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்ததும் போய்ப் படுங்கள். போனைத் தொட வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழுகிற நேரம் ஒன்றாக இருக்கட்டும். பகல் தூக்கம் வேண்டாம்.

இப்படிச் செய்தும் இரண்டு, மூன்று வாரத்தில் மாறவில்லை, அல்லது மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வருகிறது என்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நாலு நாளும் படுத்தே பார்த்தது உடம்புக்கு நல்லதில்லை. அடுத்த தடவை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆற்றோரமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து அப்புறம் டிவியைப் போடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்க்க வேண்டாம். காலை வெளிச்சம் பட்டால் தூக்கமும் நேராகும். அதே மாதிரி, விடுமுறையில் கிடைத்த நிம்மதி வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் கரைந்துவிடுகிறது என்று யெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளர் 2009-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை ஒகேனக்கல் என்று எல்லாவற்றையும் ஆகஸ்டுக்கே தள்ளிவைக்காதீர்கள். சீசனிலும் வாரத்தில் ஒரு ராத்திரியாவது போனை வேறொரு லேப் ஆளிடம் முறைவைத்து மாற்றிவிட முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வீட்டிலும் ஞாயிறு மத்தியானம் ஒரு படம் முழுதாக உங்களுக்கு என்று சொல்லி வையுங்கள், குக்கரை அந்த நேரத்தில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் கணவர். அவர் கேலி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை, எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ‘என்னை விட்டுவிட்டு ஏன் தனியாகப் போனாள்’ என்ற ஒரு சின்ன வருத்தம் அதில் இருக்கலாம், ஊர் ஏதாவது பேசும் என்ற பயமும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். அவரிடம் அந்த நாலு நாளைப் பற்றிச் சொல்லுங்கள், என்னென்ன படம் வந்தது, மீன் எப்படி இருந்தது, அப்பா ஞாபகம் வந்து அழுதது எல்லாவற்றையும். எனக்கு எழுதியதை அவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை, சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் இரண்டு பயணத்தையும் தனித்தனியாகப் பேசுங்கள். குடும்பமாகப் போவதற்குப் பூஜை லீவு இருக்கிறது, அதற்குள் தண்ணீர் குறைந்து பரிசல் ஓடினால் ஒகேனக்கலே போகலாம், இல்லையென்றால் கிருஷ்ணகிரி கேஆர்பி அணைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஒரு பகல் போய்வரலாம். “அது நாம எல்லாரும் போறது. சீசன் முடிஞ்சு ஒரு மூணு நாள் மட்டும் நான் தனியா போய்ட்டு வரேன், எனக்கு அது வேணும்” என்று அவரிடம் சொல்லுங்கள், எந்த லாட்ஜ், எந்த பஸ், தினமும் எத்தனை மணிக்குப் போன் பண்ணுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை அடுத்த ஆகஸ்டில் பேசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், மே மாதம் முதல் லாரி வருவதற்கு முன்னாலேயே தேதியைப் பேசி முடித்துவிடுங்கள்.